செத்தவர்களை நான் கொன்ற கதை

எங்கள் வில்லியனூர்ப் பக்கம் ஒருவர் செத்துவிட்டார் என்பதை உறுதி செய்வது டாக்டர் அல்ல, பேனர்தான். டாக்டர் கையை விரித்த பிறகும், "எதுக்கும் இன்னொரு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயி பாப்பமே" என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். தெருமுனையில் 'இமயம் சரிந்தது' என்று பத்தடிக்கு எட்டடியில் பேனர் ஏறிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இதை நான் முழுசாக நம்பினேன். அந்த நம்பிக்கைதான் என் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இருபத்தாறு வயதுக்குள் நான் முப்பத்தோரு பேரைக் கொன்றிருக்கிறேன். சிலரை எலுமிச்சம்பழத்தால், சிலரைக் கோணிச் சாக்கால், மற்றவர்களை பிளாஸ்டிக் நாற்காலியால். போலீஸ் கேஸ் எதுவும் ஆகவில்லை, ஏனென்றால் அத்தனை பேரும் ஏற்கெனவே செத்தவர்கள். (அத்தனை பேரும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

அப்போது நான் வில்லியனூரில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தேன். மஞ்சள் நீராட்டு, காதணி விழா, கட்சிப் பதவி, பிறந்தநாள் எல்லாம் அடிப்போம். ஆனாலும் கடையைத் தூக்கி நிறுத்தியது கண்ணீர் அஞ்சலிதான். செத்த அன்றைக்கு ஒன்று, பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒன்று, வருஷத் திதிக்கு ஒன்று என்று ஒரே ஆள் மூன்று தடவை வருவார். ஒவ்வொரு தடவையும் போட்டோவில் தலையை வெட்டி எடுத்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால் முதலாளி பாஸ்கர் அண்ணன் கம்ப்யூட்டரில் இரண்டு போல்டர் வைத்திருந்தார். ஒன்று 'நல்ல தலை', இன்னொன்று 'கண்ணீர் தலை'. வெட்டிய தலைகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். செத்த பிறகும் நம்பரா என்று கேட்காதீர்கள். பாஸ்கர் அண்ணனுக்கு உயிரோடு இருக்கிற என் பெயரே மாதத்தில் பாதி நாள் ஞாபகம் இருக்காது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். அப்போது நான் மங்கா படிப்பேன். மங்கா என்றால் ஜப்பான்காரர்களின் படக்கதைப் புத்தகம், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகப் படிக்க வேண்டும். பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகமாக அள்ளிக்கொண்டு வருவேன். "பொஸ்தகத்த பின்னாலருந்து படிக்கிறானே, இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்" என்று அம்மா எங்கள் ஊர் உறுவையாறு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குப் பெண் கிடைக்கவில்லை என்ற விஷயம் இப்படித்தான் பக்கத்து ஊர்களுக்கும் தெரிந்தது.

அப்படி ஒரு நாள் கையில் மாட்டியது ஒரு விஞ்ஞான மங்கா. எதிர்காலத்தில் ஒரு இயந்திரம். செத்தவர்களின் மூளையை அப்படியே படியெடுத்து, புது உடம்பில் ஊற்றி எழுப்பிவிடும். எழுந்தவர்கள் ஏழு சுற்று ஆட்டம் ஆட வேண்டும். தோற்றால் மறுபடி சாவு, ஜெயித்தால் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம். மூன்று பாகத்தையும் இரண்டே நாளில் முடித்துவிட்டு, கண் சிவந்து போய் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஞானோதயம் வந்தது. ஜப்பான்காரனுக்குத்தான் சாவு தெரியுமா? தினம் நாலு சாவுக்கு டிசைன் போடுகிறவன் நான்.

அன்றைக்கே வரைய ஆரம்பித்தேன். கதைக்கு 'இமயம் சரிந்தது' என்று பெயர் வைத்தேன். திருவாண்டார்கோயில் பக்கம் பூட்டிக்கிடக்கும் ஒரு தொழிற்சாலை. எங்கள் கொம்யூனில், அதாவது பஞ்சாயத்தில், சாகிறவர்கள் எல்லாரும் அங்கே கண் விழிப்பார்கள். கூரையிலிருந்து ஒரு ஸ்பீக்கர் பேசும். ஆட்டங்களை எங்கே போய்த் தேடுவது என்று நான் கஷ்டப்படவில்லை. எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தின் பொங்கல் விளையாட்டுப் போட்டி நோட்டீசைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். முதல் சுற்று எலுமிச்சம்பழம் ஸ்பூன் (பழம் விழுந்தால் வெடிக்கும்). இரண்டாவது சாக்கு ஓட்டம் (பின்னால் இரும்பு நாய் துரத்தும்). மூன்றாவது மியூசிக்கல் சேர் (இடம் கிடைக்காதவன் நின்ற இடத்திலேயே சாம்பல்).

ஒரே ஒரு சிக்கல். எனக்கு முகம் வரைய வராது. யாரை வரைந்தாலும் என் சின்ன மாமா மாதிரியே வந்தது. சண்டைக் காட்சியில் பதினாறு சின்ன மாமாக்கள் பதினாறு சின்ன மாமாக்களைத் துரத்துவதைப் பார்த்து நானே மிரண்டு போனேன். அப்போதுதான் கம்ப்யூட்டரில் 'கண்ணீர் தலை' போல்டர் என்னைப் பார்த்துச் சிரித்தது. தலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேலே கோடு போட்டு வரைந்துகொண்டேன். செத்தவர்கள் கதைக்குச் செத்தவர்கள் முகம். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அந்த வயதில் எனக்கு மூளை இருந்ததற்கு எந்த அத்தாட்சியும் இல்லை.

'சித்திரகுப்தன்' என்று ஒரு கணக்குத் தொடங்கி, இன்ஸ்டாகிராமில் வாரம் இரண்டு பக்கம் போட்டேன். ஒரு மாதத்தில் வில்லியனூர் வாட்ஸப் குரூப்புகள் எல்லாவற்றிலும் அது சுற்றியது. என் பேரைக் கடையில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பாஸ்கர் அண்ணன் கம்ப்யூட்டரில் தன் வாடிக்கையாளர்கள் சாக்குக்குள் குதித்து ஓடுவதைப் பார்த்துவிட்டார். அவர் திட்ட வாயைத் திறப்பதற்குள் ஒரு ஆள் கடைக்குள் வந்தார்.

"எங்கப்பாவ வரைஞ்சது யாரு? அது இங்க அடிச்ச பேனர் போட்டோ."

நான் லேமினேஷன் மெஷினுக்குப் பின்னால் நகர்ந்தேன். பாஸ்கர் அண்ணன் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் என்னைக் கைகாட்டினார். அந்த ஆள் என் சட்டையைப் பிடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்கப்பா மொத ரவுண்டுலயே எலுமிச்சம்பழத்த கீழ வுட்டுட்டாரு. எதிர் வூட்டு ஆளு ரெண்டாவது ரவுண்டு போயிட்டான். உயிரோட இருந்தப்பவே எங்களுக்கும் அவங்களுக்கும் வரப்புத் தகராறு. எங்கப்பா பால் சொசைட்டில முப்பது வருசம் ஒரு சொட்டு சிந்தாம பால் ஊத்துன கையி தம்பி. அந்த கையி பழத்த கீழ வுடுமா? நீயே சொல்லு."

நியாயமான கேள்விதான். அதற்குப் பிறகு வந்தவர்களும் இதே நியாயத்தோடுதான் வந்தார்கள். செத்தவரை ஏன் வரைந்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஏன் தோற்கடித்தாய் என்று மட்டுமே கேட்டார்கள். கோயில் முதல் மரியாதைக்கு நடக்கிற சண்டை அப்படியே என் கதைக்குள் வந்து குடியேறியது. ஒரு அம்மா தன் வீட்டுக்காரருக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும், ஆனாலும் சாக்கு ஓட்டம் நன்றாக ஓடுவார் என்று சாட்சியோடு வந்து சொன்னார். ஒரு கட்சிக்காரர் தங்கள் மறைந்த கிளைச் செயலாளரை எதிர்க்கட்சி ஆள் நாற்காலியிலிருந்து தள்ளிவிடுவது ஜனநாயகத்துக்கு நல்லதல்ல என்றார். பாஸ்கர் அண்ணன் திட்டுவதை நிறுத்திவிட்டு, "காரிய பேனர் இங்கயே குடுங்க, ரெண்டு ரவுண்டு நான் கியாரண்டி" என்று வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார்.

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. யாரை வாழவைப்பது, யாரை வெடிக்கவைப்பது என்று டீ குடித்துக்கொண்டே முடிவு செய்கிறவனுக்கு வேறு என்ன ஏறும்? அந்தத் தலைக்கனத்தில்தான் நாற்பத்தேழாம் நம்பர் தலையை எடுத்தேன். ஐம்பது சொச்சம் வயது, வடிவான மீசை, நேரே பார்க்கிற கண். பேனர்க் களையுள்ள முகம் என்று நாங்கள் சொல்வோம். கதாநாயகனாகவே வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தேன். ஆனால் அவர் போட்டிருந்தது சின்னச் சின்னக் கட்டம் போட்ட சட்டை. ஒரு பக்கத்துக்கு நாலு படம், ஒவ்வொன்றிலும் அத்தனை கட்டங்களையும் வரைந்து வரைந்து எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. மூன்றாவது சுற்றில் பாட்டு நின்றதும் அவரை நாற்காலி இல்லாமல் நிற்கவைத்து, ஒரு முழுப் பக்கத்தில் சாம்பலாக்கினேன். சாம்பலுக்குக் கட்டம் தேவையில்லை.

அந்தச் சமயத்தில்தான் சோரியாங்குப்பத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. பெண் பெயர் ரஞ்சனி. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, அப்பா கரும்பு விவசாயம். போட்டோவைப் பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்கு வேறு எந்த நினைப்பும் ஓடவில்லை. அதற்கு முன்னால் ஐந்து இடத்தில் என்னைத் தட்டிக் கழித்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மா என்னை உட்கார வைத்து, "அங்க போயி வாயத் தொறக்காத. பொஸ்தகம், படம்னு எதயும் பேசாத. கேட்டா சிரி, அது போதும்" என்றார். இந்த இடமும் தவறிவிட்டால் ஆறு ஆகிவிடும், ஆறைத் தொட்டால் ஊரில் பையனுக்கு ஏதோ குறை என்று பேச ஆரம்பிப்பார்கள் என்பது அம்மாவின் பயம். எனக்கும் அதே பயம்தான், ஆனால் அந்த போட்டோவைப் பார்த்த பிறகு அது பயமாக இல்லை, ஆசையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை கரிக்கலாம்பாக்கம், பாகூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் பெண்ணின் அம்மா பூங்காவனமும் தாய்மாமன் ராமலிங்கமும் வரவேற்றார்கள். "அவரு கொல்லைல எளநீ வெட்றாரு, வந்துடுவாரு, உக்காருங்க" என்றார் பூங்காவனம். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான் அம்மா சொன்னபடி வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். ராமலிங்கம் மழை இல்லை என்றார், சிரித்தேன். கரும்புக்கு வெட்டு ஆள் கிடைக்கவில்லை என்றார், அதற்கும் சிரித்தேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

கொல்லைப்புறக் கதவு திறந்தது. இரண்டு கையிலும் இளநீரோடு நாற்பத்தேழாம் நம்பர் உள்ளே வந்தார்.

அதே மீசை, அதே கண். அதே கட்டம் போட்ட சட்டை. (பிறகு விசாரித்ததில் விசேஷங்களுக்கென்றே அவர் வைத்திருக்கும் ஒரே நல்ல சட்டை அது.) "வாங்க தம்பி" என்று சிரித்துக்கொண்டே ஒரு காலி நாற்காலியை நோக்கி நடந்தார்.

நான் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய்விட்டேன். அம்மா சொன்ன அத்தனையும் மறந்துபோனது.

"நீங்க செத்துட்டீங்களே!" என்று கத்தினேன். அதோடு விட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "மூணாவது ரவுண்டுல!" என்று வேறு சேர்த்தேன்.

அவர் பெயர் கலியபெருமாள் என்பதும், பெண்ணின் அப்பா அவர்தான் என்பதும், வரன் பேசும்போது அம்மாவிடம் போனில் அவ்வளவு மரியாதையாகப் பேசியவர் அவர்தான் என்பதும் எனக்கு ஒன்றன்பின் ஒன்றாக மண்டையில் ஏறியது. அதற்குள் ராமலிங்கம் எழுந்துவிட்டார்.

"இன்னா பேச்சு பேசற? நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல, வூட்டுக்காரரப் பாத்து செத்துட்டீங்கறியா?"

"இல்ல மாமா, கண்ணீர் அஞ்சலி போல்டர்ல இவரு தலை இருந்திச்சி…"

"தலை இருந்திச்சா?" என்றார் பூங்காவனம். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவனும் காலில் விழுந்திருப்பான். நான் என் பக்க நியாயத்தை நிரூபிக்கப் பார்த்தேன். உயிரோடு இருக்கிறவரைச் சாகடிக்க எனக்கென்ன ஆசையா, கடையில் தப்பாகச் சேமித்திருக்கிறார்கள், இதோ எங்கள் முதலாளியையே கேளுங்கள் என்று போனை எடுத்தேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டேன். கலியபெருமாள் இளநீரை அவசரமாகக் கீழே வைத்துவிட்டு, "வேணாம் தம்பி, வேணாம், வுடு" என்று கையை ஆட்டினார். அவர் பெருந்தன்மையாக மன்னிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணே, கண்ணீர் தலைல நாப்பத்தேழு யாரு? செத்தவரா இல்லியா?"

பாஸ்கர் அண்ணன் குரல் ஹால் முழுக்க ஒலித்தது. "நாப்பத்தேழா? அவரு இன்னும் சாவலடா. பாகூர் பக்கத்து ஆளு. தானே வந்து தன் பேனருக்கு டிசைன் பண்ணி வெக்க சொன்னாரு. மறைவு தேதி மட்டும் காலியா வுட்டு வெச்சிக்கீறேன். நீ வர்றதுக்கு முன்னால பண்ணது. இரு, பேனரயே அனுப்பறேன். ஆனா ஒண்ணு, யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினு போனாரு. முக்கியமா அவரு பொண்டாட்டிக்கு."

போன் டிங் என்றது. பேனர் வந்துவிட்டது.

பூங்காவனம் என் கையிலிருந்து போனை வாங்கினார். இரண்டு விரலால் பெரிதாக்கி, வாய்விட்டுப் படித்தார். "இமயம் சரிந்தது. எங்கள் குலவிளக்கு அணைந்தது. தோற்றம்…" அந்த இடத்தில் தேதி இருந்தது. "மறைவு…" அந்த இடத்தில் வெறும் கோடு. அதற்குக் கீழே, 'தீராத் துயரில்' என்று போட்டு வரிசையாகப் பெயர்கள். அவர் விரல் அந்தப் பெயர்களின் மேல் மெதுவாக இறங்கியது. பிள்ளைகள் பெயர், பங்காளிகள் பெயர், டிராக்டர் டிரைவர் பெயர், டீக்கடைக்காரர் பெயர், மாட்டு டாக்டர் பெயர்.

"எங்கங்க என் தம்பி பேரு?"

ராமலிங்கம் அக்கா புருஷனைப் பார்ப்பதுபோல் பார்க்கவில்லை. "உசுரோட இருக்கும்போதே என் பேர எடுத்துட்டியா மாமா?" என்றார்.

"எடம் பத்தல ராமலிங்கம்."

"மாட்டு டாக்டருக்கு எடம் இருந்துச்சா?"

இப்போது யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லாரும் கலியபெருமாளைத் திட்டினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் அப்பா தன் சொந்தச் சாவைப் பற்றி மச்சானுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க, இளநீர் தரையில் உருண்டு என் காலடியில் வந்து நின்றது.

கலியபெருமாள் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு பொண்டாட்டியைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க அண்ணன் செத்தப்ப பசங்க இன்னா போட்டோ போட்டானுங்க? ரேஷன் கார்டு போட்டோவ பெருசு பண்ணி போட்டானுங்க. ஒரு கண்ணு மூடி, ஒரு கண்ணு தெறந்து. ஒரு மாசம் அது மெயின் ரோட்டுல நின்னுச்சி. போறவன் வர்றவன்லாம் சிரிச்சான். ஆறடி மனுசன், கபடி ஆடுனா ஊரே வந்து பாக்கும். கடேசில அந்த மூஞ்சிதான் நின்னுச்சி. எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிட்டு வந்தப்ப அதுதான் ஞாபகம் வந்துச்சி. பாகூர்ல அடிச்சா ஊருக்கே தெரிஞ்சிடும்னு வில்லியனூர் வரைக்கும் போனேன். எனக்கு சாவுக்கு பயமில்ல பூங்காவனம். அந்த போட்டோவுக்குத்தான் பயம்."

இடது கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"சாவுக்கும் பயந்தான்" என்றார்.

பூங்காவனம் போனை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றார். தோளில் கையை வைத்துக்கொண்டார். ராமலிங்கம் ஜன்னலுக்கு வெளியே கரும்பைப் பார்க்க ஆரம்பித்தார். இந்த மனிதரை நான் கொன்றது எதற்காக? சட்டையில் கட்டம் வரையக் கை வலித்ததற்காக.

கலியபெருமாள் என் பக்கம் திரும்பினார். "தம்பி, இன்னாமோ ரவுண்டுன்னியே, அது இன்னா?"

சொன்னேன். இயந்திரம், படியெடுத்த மூளை, ஏழு சுற்று, எல்லாவற்றையும் சொன்னேன். பெண் பார்க்க வந்து இப்படிப் பேசியவன் தமிழ்நாட்டிலும் கிடையாது, பாண்டிச்சேரியிலும் கிடையாது. அவர் கவனமாகக் கேட்டார்.

"செயிச்சா திரும்பி வரலாமா?"

"வரலாங்க."

"அப்ப என்ன ஏன் மூணாவதுலயே அவுட்டாக்குன?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "நீங்க கடேசி நாற்காலிய ஒரு கைக்கொழந்தக்காரிக்கு வுட்டுக் குடுத்துட்டீங்க" என்றேன்.

"யாரு, இவரா?" என்றார் பூங்காவனம். கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனாலும் விடவில்லை. "பஸ்ல புள்ளத்தாச்சி நின்னாகூட ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாரு."

அப்போதுதான் ரஞ்சனி காபித் தட்டோடு வாசல்படியில் நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ, காபி ஆடை கட்டிவிட்டது. போட்டோவைவிட நன்றாக இருந்தாள். கோபமாகவும் இருந்தாள்.

"சித்திரகுப்தன் நீங்கதானா?"

தலையை ஆட்டினேன்.

"கம்பெனி பஸ்ல பக்கத்து சீட்டு பொண்ணு காட்னா. எங்கப்பா மாதிரியே ஒருத்தரு, நாற்காலி கெடைக்காம நின்னுகினு இருந்தாரு. அடுத்த பக்கத்துல சாம்பல். வேற யாரோன்னு தெரியுது, ஆனாலும் அழுக நிக்கல. பஸ்லருந்தே அப்பாக்கு போன் போட்டேன். அவரு எடுக்கல. ரெண்டாவது தபாதான் எடுத்தாரு." தட்டை மேஜைமேல் வைத்தாள். "அந்த ரெண்டு தபாக்கு நடுவுல இன்னா ஆச்சின்னு உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். தினம் நாலு சாவுக்கு டிசைன் போட்டவனுக்கு அதுவரை ஒரு சாவும் தெரிந்திருக்கவில்லை. "தப்புதான்" என்றேன். அன்றைக்கு நான் பேசியதில் உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

"எங்கப்பாவ திருப்பிக் கொண்டாங்க. அப்பறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது அம்மா கரிக்கலாம்பாக்கம் வரை முகத்திலிருந்து முந்தானையை எடுக்கவில்லை. அங்கே ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்ததும், "இதுல இருக்கறவராவது செத்துட்டாராடா?" என்று கேட்டார். கேலியா கோபமா என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த ஐந்து நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

சாம்பலானவரை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது? தோற்றவன் திரும்ப முடியாது என்பது கதையின் சட்டம், அதை எழுதியவனே நான்தான். ஐந்தாம் நாள் மதியம் கடைக்கு ஒரு ஓய்வூதியக்காரர் உயிர்வாழ் சான்றை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். உயிரோடு நேரில் வந்து நின்றாலும் காகிதம் இல்லாமல் நம்பமாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பினார். அவர் நகர்ந்ததும் பென்சிலை எடுத்தேன்.

என் கதையில் ஸ்பீக்கர் கரகரக்கும். மூன்றாவது சுற்றில் சாம்பலான நபர், பதிவேட்டின்படி இன்னும் சாகவில்லை என்று அறிவிக்கும். சாகாதவரைக் கொன்றது நிர்வாகத் தவறு. ஆனாலும் உயிரோடு இருப்பதற்கான சான்று தேவை, இரண்டு சாட்சி கையெழுத்து வேண்டும். சாம்பலிலிருந்து எழுந்த கலியபெருமாள், கையெழுத்துக்காகத் தொழிற்சாலை முழுக்க அலைவார். சாட்சி போடத் தகுதியான அத்தனை பேரும் செத்தவர்கள். கடைசியில் வெளியிலிருந்து சுவரேறிக் குதித்து மச்சான் ராமலிங்கம் வந்து கையெழுத்துப் போடுவார். சட்டையில் ஒரு கட்டம்கூட விடவில்லை. இருபத்திரண்டு படம், அத்தனையிலும் வரைந்தேன்.

அந்தப் பக்கங்களைப் போட்ட மறுநாள் சித்திரகுப்தனுக்கு ஒரு செய்தி வந்தது. 'அப்பா பாத்தாரு. மீச நல்லா வந்துருக்காம். ராமலிங்கம் மாமா எல்லாருக்கும் அனுப்பிக்கினு கீறாரு. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாங்க.' கடையில் நான் குதித்த குதியில் பாஸ்கர் அண்ணன் ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்.

கல்யாணம் நடந்தது. கல்யாண பேனரில் மணமக்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் தாய்மாமன் ராமலிங்கத்தின் பெயரைப் போட்டோம். மாமியார் கடைக்கு நேரில் வந்து, தன் கண்ணெதிரே நாற்பத்தேழாம் நம்பரை அழிக்கவைத்தார். ஆனால் என் கதை பிழைக்கவில்லை. "சோரியாங்குப்பத்து ஆளு மட்டும் எப்பிடி திரும்பி வந்தாரு? எங்காளுக்கு இன்னா கொறச்சல்?" என்று வில்லியனூர் முழுக்கக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பால் சொசைட்டிக்காரரை எழுப்பினேன். அவர் வந்தால் எதிர் வீட்டுக்காரரை விட முடியுமா? ஒருவர் பின் ஒருவராக முப்பத்தோரு பேரையும் எழுப்பிவிட்டேன். யாருமே சாகாத சாவு விளையாட்டு மங்கா உலகத்திலேயே இது ஒன்றுதான். அதை யாரும் படிக்கவில்லை.

மாமனாருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை நெஞ்சுப் பரிசோதனை உண்டு. முடிந்ததும் மாமியாருக்குக்கூடச் சொல்லாமல் முதலில் எனக்குத்தான் போன் போடுவார். எப்படி இருக்கிறது என்று கேட்டால் ரிப்போர்ட் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். "மாப்ள, பதினோராவது ரவுண்டு பாஸு" என்பார். ஆஸ்பத்திரி நர்சுகள் அவரை ரவுண்டுத் தாத்தா என்று கூப்பிடுகிறார்களாம். சொந்தத்தில் எந்த விசேஷம் நடந்தாலும், புதிதாக யாராவது பெண் பார்க்கப் போனாலும், "போயி அவங்கப்பாவ சாவடிச்சிட்டு வந்துடாத" என்று சொல்லிச் சிரிக்காமல் விடமாட்டார்கள். என் நாலு வயது மகளுக்குக்கூட இந்தக் கதை முழுசாகத் தெரியும்.

போன தடவை மதியம் ஒரு மணிக்கு வரவேண்டிய போன் வரவில்லை. இரண்டானது. ரஞ்சனி போட்டாள், அவர் எடுக்கவில்லை. மூன்று பேரும் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். கம்பெனி பஸ்ஸில் அவள் உட்கார்ந்திருந்த அந்த நேரம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டரைக்குப் போன் வந்தது.

"ஆஸ்பத்திரில லிப்ட் வேல செய்யல மாப்ள. நாலு மாடி. கம்பியப் புடிச்சி ஒவ்வொரு படியா எறங்கிக்கினு இருந்தேன்" என்று மூச்சு வாங்கினார்.

"எந்த ரவுண்டு?" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

"பன்னெண்டு."

ரஞ்சனி போனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் மட்டும் பேச ஏதோ இருந்தது. நான் மகளுக்குச் சோறு ஊட்ட ஆரம்பித்தேன்.